பூனைக்குட்டிக்கு ஆறு நோட்டீஸ்

இந்தப் பூமியில் பூனைக்குட்டியைத் திட்டியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். விளக்குமாற்றால் விரட்டியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஒரு பூனைக்குட்டியின் மேல் முறைப்படி மனு வாங்கி, நம்பர் போட்டு, பசை தடவி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டீஸ் ஒட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தின் மூன்றாவது வீட்டில் இருந்த நோட்டீஸ் அண்ணாச்சி. ஒட்டியது ஒன்றல்ல, ஐந்து; ஆறாவதைக் கையில் கொடுத்தார். மனு கொடுத்த மடையன் அடியேன்.

அண்ணாச்சிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கே அது தெரியாது. ஏதோ ஒரு ஆபீஸில் முப்பது வருஷம் நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு ஒன்று வரும். வரி கட்டாதவர், கேட்காமல் மாடி எழுப்பியவர், ஓடைமேல் கடை போட்டவர் எல்லார் வீட்டுக்கும் போவார். கையில் வாங்கினால் சரி, வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. அவர் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரித்தெடுக்க முடியாது.

"முப்பது வருஷத்துல நான் ஒட்டின நோட்டீஸ் ஒண்ணுகூட செல்லாதுன்னு திரும்பி வந்ததில்ல, தம்பி" என்பார். "வீட்டு நம்பர் சரியா இருக்கணும். பேரு சரியா இருக்கணும். ரெண்டு சாட்சி ஒப்பு போடணும். இதுல ஒண்ணு பிழைச்சாலும் அது நோட்டீஸ் இல்ல, பொட்டலம் மடிக்கிற காகிதம். மனசிலாச்சா?"

ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பப்பாளி மரம் சுவர் தாண்டிச் சாய்ந்தபோது மரத்திலேயே நோட்டீஸ் ஒட்டினார். எங்கள் தெருவில் இஷ்டத்துக்குத் திரியும் ஆடுகளில் ஒன்று அவர் வாசல் செடியை மேய்ந்தபோது, சொந்தக்காரர் வீட்டுக் கதவில் ஒட்டினார். அந்த ஆடே வந்து நோட்டீஸைத் தின்றுவிட்டது. அண்ணாச்சி அசரவில்லை. தன் ஃபைலில் 'எதிர்த்தரப்பு நேரில் பெற்றுக்கொண்டது' என்று எழுதிவைத்தார்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் இங்கே ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. அப்போது கல்யாணமாகி ஐந்து மாதம். என் மனைவி செல்வி அம்பாசமுத்திரத்துக்காரி. வாய் ஓயாமல் பேசுவாள் என்று அவளுடைய அக்காவே என்னை எச்சரித்திருந்தார். இங்கே வந்ததும் அந்தப் பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. நான் காலை எட்டுக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வருவேன். அதுவரை யார் தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டாள். "அவங்க கேக்கது எனக்கு விளங்க மாட்டேங்கு. நான் சொல்லுதது அவங்களுக்கு விளங்காது" என்பாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகப்போகப் பழகிவிடும் என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

ஜூன் மாத மழையில் ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பினால் உள்ளே பேச்சுச் சத்தம். ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு நுழைந்தேன். செல்வி தரையில் உட்கார்ந்து, உள்ளங்கை அளவில் சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு பூனைக்குட்டியிடம் தன் சித்தி குடும்பத்துச் சண்டையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டி காதை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்கு அடியில் நனைந்து கிடந்ததாம்.

இரண்டு நாள் சாது. மூன்றாவது நாள் வயிறு நிறைந்ததும் சுயரூபம் வெளியே வந்தது. ஜன்னல் திரையில் ஏறி உச்சிக்குப் போய், இறங்கத் தெரியாமல் கத்தி, நகத்தால் கிழித்துக்கொண்டே கீழே வந்தது. நான் நடந்தால் கால் கட்டைவிரலைக் கவ்வியது. தட்டில் பொரித்து வைத்த நாலு மத்தி மீனில் மூன்றைத் தின்றுவிட்டு, நாலாவதை என் செருப்புக்குள் பத்திரப்படுத்தியது. மறுநாள் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஜன்னலோரம் மாறி உட்கார்ந்த காரணம் எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

"இது இந்த வீட்டில் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

செல்வி குட்டியை மடியில் அமுக்கிக்கொண்டாள். "இதுவும் போயிட்டா பகல் முச்சூடும் நான் யாருகூடங்க பேசுதது?"

"போன்ல பேசு" என்றேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வெளியேற்றும் விஷயத்தில் எங்கள் சந்தில் அனுபவஸ்தர் அண்ணாச்சிதானே. போய்ச் சொன்னேன். தோப்பும்படி மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"தூக்கி எறிய அது என்ன பழத்தொலியா? நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. மனு எழுது" என்றார். எழுதினேன். மாலையில் ஃபைலோடு நேரடி ஆய்வுக்கு வந்தார். வேற்று ஆள் குரல் கேட்டதும் செல்வி திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, கீழ்ப்பாதி நார்நாராகத் தொங்கிய அந்தத் திரையையே நெடுநேரம் பார்த்தார். கிழிசலை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

நோட்டீஸை மலையாளத்தில் எழுதினார். கேட்டதற்கு, "குட்டி மட்டாஞ்சேரியில பிறந்தது. தமிழ்ல குடுத்தா எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிரும்" என்றார். அப்புறம் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மோளே, சாட்சி ரெண்டு பேரு வேணும். போயிக் கூட்டிட்டு வா."

"நான் போறேன் அண்ணாச்சி" என்றேன்.

"மனுதாரர் கூட்டிட்டு வந்தா செல்லாது. எதிர்மனுதாரரைப் பராமரிக்கிற ஆளுதான் கூட்டணும்."

செல்வி எட்டிப் பார்த்தாள். "எனக்கு இங்க யாரையும் தெரியாதே."

"தெரியணும்னு சட்டத்துல இல்ல. கதவத் தட்டணும், அவ்வளவுதான்."

எதிர்வீட்டு வாசலில் அவள் பத்து நிமிஷம் நின்றாள். பிறகு தட்டினாள். கதவைத் திறந்த மேரிச்சேச்சி, "எந்தா மோளே? கேறி வா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். என்ன ஜாடை காட்டினாளோ, சேச்சி ஏதோ கல்யாணப் பதிவு என்று புரிந்துகொண்டு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடவே அடுத்த வீட்டு ஆமினத்தாவும் வந்தார். இரண்டு பேரும் ஒப்புப் போட்டார்கள். குட்டி குடியிருந்த அட்டைப் பெட்டியில் மைதாப் பசை தடவி நோட்டீஸ் ஒட்டப்பட்டது. குட்டி வந்து பசையை நக்கிப் பார்த்து, ருசியாக இருந்ததால் ஒரு மூலையைத் தின்றது. வந்த பெண்கள் சாயா குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் போனார்கள்.

விசாரணைவரை இடைக்கால உத்தரவு என்று ஒன்று போட்டார். உத்தரவு குட்டிக்கு என்று நினைத்தேன். எனக்கு. திரையை முக்கால்வாசி வெட்டி, குட்டிக்கு எட்டாத உயரத்தில் குட்டைத் திரையாகப் போட வேண்டும். நகம் கீறுவதற்கு அதற்கென்று ஒரு சாக்கை மேஜைக் காலில் இறுக்கிக் கட்ட வேண்டும். நான் கம்பெனியிலிருந்து ஒரு மிளகுச் சாக்கைக் கொண்டுவந்து கட்டினேன். குட்டி முகர்ந்து பார்த்து நாலு தும்மல் போட்டது. 'எதிர்மனுதாரர் ஆட்சேபம் தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டு, அரிசிச் சாக்குக்கு மாற்றச் சொன்னார் அண்ணாச்சி. அன்றிலிருந்து குட்டி அதைத்தான் கீறியது. திரை குட்டையாகிவிட்டதால் ஜன்னலில் செல்வியின் முகம் தெருவுக்குத் தெரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்துத் தலையாட்டினார்கள்.

ஏழாம் நாள் விசாரணை. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி நோட்டீஸைப் படித்து, உதட்டைப் பிதுக்கினார். "வீட்டு நம்பர் பிழைச்சுப்போச்சு தம்பி. செல்லாது. புதுசா ஒட்டணும்." மறுபடி சாட்சி. செல்வி மேரிச்சேச்சி வீட்டுப் பக்கம் திரும்பியதும் தடுத்தார். "ஒரு தரம் போட்ட சாட்சி மறுதரம் போடக் கூடாது. அடுத்த வீட்டுக்குப் போ."

இரண்டாவது நோட்டீஸ், கால் கடித்த விவகாரத்துக்கு. உத்தரவு: குட்டியோடு கையாலோ காலாலோ விளையாடக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம், கயிற்று நுனியில் துணி முடிச்சுக் கட்டி, மனுதாரர் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். "அதுக்கு வேட்டையாடாம சோறு இறங்காது. வேற இரை இல்லாட்டி உன் விரலுதான் இரை" என்றார். கம்பெனியில் மூன்று பேர் எழுந்து வணக்கம் சொல்லும் ஆசாமி நான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு இழுத்து ஓடினேன். குட்டைத் திரை வழியாகத் தெருவே பார்த்தது. கட்டைவிரல் பிழைத்தது என்னவோ உண்மை.

அந்த நோட்டீஸும் செல்லவில்லை. அதில் எதிர்மனுதாரர் ஆண் என்று எழுதியிருந்தார், ஆமினத்தா தூக்கிப் பார்த்துப் பெண் என்றார். மூன்றாவது, மத்தி மீனுக்கு. விசாரணைத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் தள்ளுபடி. "மூடாம வச்சது யாரு?" என்று கேட்டு, மீன் தட்டை மூடவும், நாங்கள் சாப்பிட உட்காருமுன் குட்டிக்கு அதன் பங்கை வைக்கவும் உத்தரவு. நாலாவது, என் தலையணைமேல் மூத்திரம் போனதற்கு. அதில் தகப்பன் பெயர் விட்டுப்போனது. "பூனைக்குத் தகப்பன் பேரு யாருக்கு அண்ணாச்சி தெரியும்?" என்றேன். "கண்டுபிடிக்க வேண்டியது மனுதாரர் பொறுப்பு" என்று முடித்துவிட்டார். ஒரு தட்டில் மணல் நிரப்பி மூலையில் வைத்து தினமும் நான் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அதற்கான உத்தரவு. வயசாகிவிட்டது, மனிதருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நான் செல்வியிடம் முணுமுணுத்தேன்.

அப்போதுதான் ஏலக்காய் விவகாரம் நடந்தது. திங்கட்கிழமை வெளியூர் வியாபாரி ஒருவர் வருவதாக இருந்தார். அவருக்குக் காட்ட, பருமன்வாரியாக எட்டுப் பொட்டலம் ஏலக்காய் சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தேன். சனிக்கிழமை குளித்துவிட்டு வருவதற்குள் எட்டையும் கிழித்து, எட்டையும் கலந்து, ஒவ்வொரு காயாகக் கட்டிலுக்கடியில் பந்தாடிக்கொண்டிருந்தது குட்டி. ஞாயிறு முழுவதும் தரையில் தவழ்ந்து பொறுக்கிப் பிரித்தேன். கடைசிக் காயைப் பொறுக்கும்போது அது என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. குட்டியைக் கட்டைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, தோப்பும்படிக்குக் கிளம்பிவிட்டேன். செல்வி குறுக்கே வந்தாள். விலக்கிவிட்டு நடந்தேன்.

பாதிச் சந்துகூடத் தாண்டியிருக்க மாட்டேன். பின்னால் கதவுகள் தட்டப்படும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் செல்வியின் குரல். அந்தக் குரலை நான் இந்த ஊரில் அதுவரை கேட்டதே இல்லை. "சேச்சீ, ஓடி வாங்களேன். என் பூச்சயக் கொண்டுபோறாங்க. ஆமினத்தா, வரூ வரூ." பூனைக்கு மலையாளத்தில் பூச்ச என்று அவள் எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

சந்து முனையில் நான் திரும்பிப் பார்த்தபோது எட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒருவர் கையில் கரண்டி, ஒருவர் தலையில் சீயக்காய். நடுவில் மேரிச்சேச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஞான் ஒப்பிட்டதாணு. ஞானறியாதெ பூச்ச எவிடேயும் போகில்ல" என்றார். அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். அவருக்குத் தெரியாமல் பூனை எங்கும் போகாதாம். மற்ற ஏழு சாட்சிகளும் ஆமாம் என்றார்கள். செல்வி அழுதுகொண்டிருந்தாள். ஆனால் ஒளியவில்லை, முன்னால் நின்றாள்.

அண்ணாச்சி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக வந்தார். "விசாரணை முடியாம எதிர்மனுதாரரை அப்புறப்படுத்தினா அடுத்த நோட்டீஸ் உனக்குத்தான், தம்பி. ஸ்டே போட்டாச்சு. பைய இறக்கு." இறக்கினேன். ஜிப்பைத் திறந்தால் குட்டி உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான் அத்தனை பேர் முன்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். போகும்போதே, சாம்பிளை மூடி போட்ட டப்பாவில் வைக்கும்படி உத்தரவும் கிடைத்தது.

ஐந்தாவது நோட்டீஸைச் சம்பிரதாயத்துக்கு ஒட்டினார். சந்தின் கோடியிலிருந்து இரண்டு புது சாட்சிகள் வந்தார்கள். சாரல் அடித்து எழுத்து அழிந்ததால் அதுவும் செல்லவில்லை. அதற்கடுத்து டிசம்பரில் ஒரு ஞாயிறு, அண்ணாச்சி சொல்லாமல் உள்ளே வந்தார். நான் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் வயிற்றின்மேல் எதிர்மனுதாரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் குட்டி பூனையாகி, திரையை மறந்து, விரலை மன்னித்து, மணல் தட்டில் மணலை மூடக் கற்றிருந்தது. அண்ணாச்சி ஆறாவது நோட்டீஸை என் கையில் கொடுத்தார். அது என் பெயருக்கு வந்திருந்தது. மனுதாரரே எதிர்மனுதாரருடன் கூடிக் குலாவுவது நேரில் காணப்பட்டதால் மனு தள்ளுபடி என்று எழுதியிருந்தது.

கூடவே ஒரு தகடு. இங்கே அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டை இடிக்காமல் விட்டால், யூ.ஏ. என்று முன்னால் போட்டு தற்காலிகமாக ஒரு வீட்டு நம்பர் கொடுப்பார்கள். அதேபோல பிஸ்கட் டின் மூடியில் பெயின்ட் அடித்து 'யூ.ஏ. 1' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் பூனை படுக்கும் இடத்துக்கு மேல் அவரே ஆணி அடித்து மாட்டினார். அன்றிலிருந்து பூனைக்குப் பெயர் யூயே.

மறு வருஷம் அண்ணாச்சி வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூணித்துறையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குச் சில மாதம் கழித்து எங்கள் கம்பெனி போர்டு நடைபாதையை மறைக்கிறது என்று ஒரு நோட்டீஸ் ஒட்ட வந்தார் ஓர் ஊழியர். எங்கள் வாட்ச்மேனும் சாயாக்கடைக்காரரும் சாட்சி. போர்டை நாங்கள் அகற்றாததால் அவர் மறுபடி வந்தார், மறுபடி அதே இருவரைக் கூப்பிட்டார். எனக்குத்தான் சட்டம் தெரியுமே. "ஒரு தரம் போட்ட சாட்சி மறுதரம் போடக் கூடாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆரு பறஞ்சது சேட்டா? ஒரே ஆளு நூறு வாட்டி ஒப்பு போடலாம்."

அடுத்த ஞாயிறு மெட்ரோ பிடித்துத் திருப்பூணித்துறைக்குப் போனேன்.

மகள் வீட்டு மிக்ஸியில் 'காலை ஆறு மணிக்கு முன் ஓட்டத் தடை' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி சற்று மெலிந்திருந்தார். நேராகவே கேட்டேன். "முப்பது வருஷத்துல ஒண்ணுகூடத் தப்பாப் போடாத ஆளு, ஒரு பூனைக்கு அஞ்சு தடவை எப்படி அண்ணாச்சி தப்பாப் போட்டீங்க? சாட்சி மாத்தணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

சாயாவை ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்த முப்பது வருஷத்துல ஒண்ணாவது தப்பாப் போயிருக்கலாம்னு ரிட்டயர் ஆனப்புறம் தோணிச்சு, தம்பி. நான் தட்டினா யாரும் கதவு திறக்க மாட்டாங்க. உள்ள ஆளு இருக்கும். திரைக்குக் கீழ காலு தெரியும், அசையாம நிக்கும். எத்தன காலு பாத்திருக்கேன். உன் வீட்டுல பூனை கிழிச்ச திரைக்குக் கீழ அதே மாதிரி ரெண்டு காலு. சின்னப் பொண்ணு. ஒரு நோட்டீஸும் வராமலே ஒளிஞ்சு நிக்குது. நான் தட்டினாத்தானே திறக்காது, அவ தட்டினா திறக்கும்லா. பத்து வீடாவது தட்டட்டும்னு நினைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி."

"சொன்னா நீ பழகிரும்னு சொல்லியிருப்ப" என்றார். நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. என்னிடம் சாவி இல்லை. எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஏழெட்டுப் பெண்களின் சிரிப்பு, அதற்கு நடுவில் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக செல்வி, தன் சித்தி குடும்பத்துச் சண்டையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். யூயே தன் தகட்டுக்குக் கீழே படுத்திருந்தது. நகர்ந்து எனக்கும் படியில் கொஞ்சம் இடம் கொடுத்தது. கூப்பிட்டால் அவள் ஓடி வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. கதை முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சியும் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.